சுகர் இல்லீங்க என்று நான் சொன்ன வீடு

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்தில் இருந்து ஏதாவது எழுதிக்கொடுக்கச் சொன்னார்கள். எழுதிப் பழக்கமில்லை. எட்டாம் வகுப்பு அரைப் பரீட்சையோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோயமுத்தூரில் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்த ஆட்களில் இந்த மாசிலாமணியைப் போல இன்னொருவன் கிடையாது. நானாகச் சொல்லிக்கொள்ளவில்லை. பெரிய ஆஸ்பத்திரிகளில் பச்சைக் குழந்தைக்கு நரம்பு கிடைக்காமல் நர்சுகள் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, ஆள் அனுப்பி என்னைக் கூட்டிப் போயிருக்கிறார்கள். போனேன், தொட்டேன், எடுத்தேன், வந்தேன்.

இந்த விரல் எனக்கு லேப்பில் வந்ததல்ல. அதற்கு முன்னால் ஏழு வருடம் பெரியநாயக்கன்பாளையத்தில் மோட்டார் வைண்டிங் கடையில் இருந்தேன். தாமிரக் கம்பியின் முனை சுருளுக்குள் எங்கே புதைந்து கிடக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு தடவிச் சொல்லுவேன். கடையை மூடியதும் லேப்பில் டியூப் கழுவ வந்தேன். கழுவிக்கொண்டே பார்த்தேன், பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டேன். நரம்பும் ஒரு கம்பிதான். என்ன, கொஞ்சம் உருளும்.

நீங்கள் எல்லோரும் படித்து, சர்டிபிகேட் வாங்கி வந்தவர்கள். ஊசி போடுவதை உங்கள் கல்லூரியில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். சரியாக வரவில்லை என்றால் என்னிடம் வாருங்கள், மூன்று நாளில் சரிசெய்து அனுப்புகிறேன். நான் எழுத வந்தது வேறு விஷயம். ஊசியை வெளியே எடுத்தபிறகு நாம் வாயைத் திறக்கிறோம் அல்லவா, அதைப் பற்றி.

நம் தொழிலில் கைராசி என்று ஒன்றைச் சொல்லுவார்கள். எனக்கு அது ஏகத்துக்கு இருந்தது. "அந்த மாசிலாமணி அண்ணனையே அனுப்பிவிடுங்க, அவரு கை வெச்சா ரிப்போர்ட்டு நல்லா வருது" என்று ஆபீசுக்குப் போன் வரும். துடியலூரில் இருந்து அன்னூர் வரைக்கும் அப்படிக் கேட்கிற வீடுகள் எனக்கு இருந்தன. அந்த ராசியின் ரகசியத்தை இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். முதல் நாள் சாயங்காலமே நான் போன் செய்துவிடுவேன். "நாளைக்குக் காலையில வாரனுங்க. இன்னைக்கு ரெண்டு இட்லியோட நிறுத்திக்குங்க. பலகாரம் கிலகாரம் வேண்டாம்." அந்த வாரத்தில் காதுகுத்து, கல்யாணம் என்று விருந்து சாப்பிட்டிருந்தால், "மூணு நாள் கழிச்சு வெச்சுக்கலாமுங்க" என்று தள்ளிப்போடுவேன். பிறகு ரிப்போர்ட் வந்ததும், அது அவர்கள் போனுக்குப் போகும் முன்பே நானே கூப்பிட்டுச் சொல்லுவேன்: "சுகர் இல்லீங்க."

இந்த இரண்டு வார்த்தைக்கு என்ன மரியாதை தெரியுமா? அடுத்த முறை போகும்போது டம்ளர் நிறையக் காப்பி வரும். உட்கார நாற்காலி வரும்.

அப்படி ஒரு வீடுதான் சென்னியப்பன் வீடு. அவருக்குப் பம்பு உதிரிபாகம் கடைகிற லேத் பட்டறை. கீழே பட்டறை, மாடியில் வீடு. அந்தக் குடும்பம் அன்னூர்ப் பக்கம் தோட்டங்காடு வைத்திருந்த காலத்தில் என் அப்பா அவர்களிடம் பண்ணையத்துக்கு இருந்தவர். வாசல்படிக்கு இந்தப் பக்கமே நின்று பேசிவிட்டு வந்துவிடுவார். நான் அதே குடும்பத்தின் வீட்டு ஹாலில், ஃபேனுக்கு நேர் கீழே சோபாவில் உட்கார்ந்து, "தம்பி, கைய நீட்டுங்க" என்பேன். சென்னியப்பன் என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர். "வாங்கண்ணா" என்று அந்தக் குடும்பத்தில் என்னை முதன்முதலில் கூப்பிட்டவர் அவர்தான். அதைக் கேட்கத்தான் நான் அந்த வீட்டுக்கு இன்னும் பிரியமாகப் போனேன். மறைப்பதற்கு ஒன்றும் இல்லை.

சென்னியப்பனின் அப்பா ஐம்பது தாண்டியதும் நெஞ்சுவலியில் போய்விட்டவர். அவருக்குச் சுகரும் இருந்தது. அதனால் மகனுக்கு ஒரே பயம். சுகர் வரக்கூடாது, வந்தால் அப்பாவின் வழிதான் என்று மனதில் பதிந்துபோய்விட்டது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை டெஸ்ட். ஆறு வருடம் நான்தான் எடுத்தேன். வெறும் வயிற்றில் எடுத்த சுகர் ஒருமுறைகூட நூறைத் தாண்டவில்லை. ஒவ்வொரு முறையும் என் போன் போகும். அந்தப் பக்கம் அவர் பெருமூச்சு விடுவது எனக்குக் கேட்கும்.

அதே தாளில் மற்ற வரிகளும் இருந்தன. டிரைகிளிசரைடு என்கிற கொழுப்புக்குப் பக்கத்தில், அளவு சரியில்லை என்று காட்டும் நட்சத்திரக் குறி. நல்ல கொழுப்பு குறைவு என்று அதற்கும் ஒரு நட்சத்திரம். வருடத்துக்கு வருடம் அந்த எண்கள் ஒன்று ஏறிக்கொண்டும் மற்றது இறங்கிக்கொண்டும் போயின. அவர் வயிறும் முன்னால் வந்துகொண்டிருந்தது. படிக்கத் தெரியாதவன் என்று நான் சாக்குச் சொல்ல முடியாது. எண்ணும் நட்சத்திரமும் எனக்குத் தெரியும். நல்ல சேதி கொண்டுபோகிற வீட்டுக்கு நட்சத்திரத்தை ஏன் கொண்டுபோக வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒருநாள் அவர் மனைவி சாந்தாமணி கேட்டது. "ஏனுங்கண்ணா, இவருக்குக் கழுத்துக்குப் பின்னால ஒரே கருப்பா இருக்குதுங்க. பீர்க்கங்கூடு போட்டுத் தேய்ச்சும் பார்த்துட்டேன், போகமாட்டேங்குது. இதுக்கு எதாச்சும் டெஸ்ட்டு இருக்குங்களா?"

கழுத்தைப் பார்த்தேன். மடிப்பு மடிப்பாக வெல்வெட்டுத் துணி ஒட்டிவைத்ததுபோல இருந்தது.

"பட்டறைக் கரி அம்மணி. சோத்தப் போடறது அதுதானே, இருந்துட்டுப் போவுது" என்றேன். மூன்று பேரும் சிரித்தோம்.

அதற்கு அடுத்த ஆறாம் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்கு நான் மாடியேறிப் போனேன். சென்னியப்பன் சோபாவில் உட்கார்ந்திருந்தார். பனியன் முழுக்க நனைந்திருந்தது. ஃபேன் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. சாந்தாமணி கையில் சர்க்கரைத் தண்ணியோடு நின்றது.

"பாருங்கண்ணா, பசியில சுகர் எறங்கிப்போச்சாட்ட இருக்குது. ஒரு வாய் குடிங்கன்னா கேக்கறதில்ல."

"அண்ணன் ரத்தம் எடுத்துக்கட்டும், அப்புறம் குடிக்கறேன்" என்றார் அவர். "இத்தனை நேரம் பட்டினி கிடந்தது வீணாப் போயிரும்."

"வேற என்னுங்க தம்பி பண்ணுது?"

"ஒன்னுமில்லீங்க. விடியக்காலம் புடிச்சுப் பல்லு வலி. கீழ்த்தாடை பூராவும் இழுக்குது. நெஞ்சுக்குழிகிட்ட வாயு புடிச்சிருக்குது. குளிச்சுப்போட்டுப் பல்லு டாக்டரப் பார்த்துக்கலாம்."

கையைப் பிடித்தேன். பிள்ளைகளே, ஆயிரக்கணக்கான கைகளைப் பிடித்தவன் நான். பசியில் இருக்கிற கை எப்படி இருக்கும், பயந்த கை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இது குளிர்ந்து, வழவழவென்று, உயிருள்ள மீனைப் பிடித்ததுபோல இருந்தது. பெட்டியில் இருந்த சுகர் மெஷினை எடுத்து விரலில் குத்தினேன். நூற்று நாற்பதுக்கு மேல் காட்டியது, உடம்பு வதைபடும்போது அது கொஞ்சம் ஏறும். சுகர் இறங்கவில்லை. அப்படியானால் இது பசி வேர்வை கிடையாது.

பால்கனிக்குப் போய் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். நான் முன்பு வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் இதய டாக்டர் அவர். பேர் எழுத வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். எனக்கு வாத்தியார் என்று ஒருவர் உண்டென்றால் அவர்தான். சொன்னதைக் கேட்டுவிட்டு இரண்டே வாக்கியம் பேசினார். "மாசிலாமணி, ஒரு எட்டுக்கூட நடக்க விடாதீங்க. ஆம்புலன்ஸ் வர நேரமாகும்னா இருக்கற வண்டியில போட்டுட்டு உடனே வாங்க, நான் ஆளுகளத் தயாரா வெச்சிருக்கேன்."

ஆம்புலன்சுக்குச் சொன்னோம். அரை மணி ஆகும் என்றார்கள்.

ஹாலுக்குத் திரும்பி வந்து, "தம்பி, எதுக்கும் ஒருதடவை ஹார்ட் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துரலாமுங்க" என்றேன்.

அவர் சிரித்தார். "பல்லு வலிக்கு ஹார்ட் ஆஸ்பத்திரிங்களா? சுகர் இருந்துதான் எங்கப்பாவுக்கு ஹார்ட் வந்துச்சு. எனக்குச் சுகரே இல்லைன்னு நீங்கதானுங்களே ஆறு வருசமாச் சொல்றீங்க. சுகர் இல்லாதவனுக்கு என்னுங்க வரும்? நீங்க ரத்தத்த எடுங்க. நான் குளிக்கோணும்."

எழுந்திருக்கப் பார்த்தார். தோளில் கைவைத்து உட்காரவைத்தேன்.

நான் ஆறு வருடம் சொன்ன நல்ல சேதி இப்போது வாசலை மறித்துக்கொண்டு நின்றது. இல்லை, நான் சொன்னது தப்பு என்று விளக்க நேரமில்லை. எனக்கே அப்போது அது விளங்கவும் இல்லை. ஹார்ட் அட்டாக் என்று பச்சையாகச் சொன்னால் அப்பாவை நினைத்து ஆள் பதறுவார், பதறி எழுவார். குளியலறை பத்தடி தூரத்தில் இருந்தது. நம் ஊரில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன் குளிக்காத ஆள் யார்?

"சரிங்க, எடுத்தர்றேன்" என்று ரப்பர் பட்டையைக் கட்டினேன். நரம்பு மெலிந்திருந்தது, ஆனால் கட்டைவிரலுக்கு அடியில் நூல்போல ஓடியது எனக்குத் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு எடுத்திருப்பேன். இரண்டு மூன்று இடத்தில் தடவினேன். பட்டையை அவிழ்த்தேன்.

"கிடைக்கலீங்க தம்பி."

அவர் வலியை மறந்து என்னைப் பார்த்தார். "உங்களுக்கா?"

"எனக்குத்தானுங்க. வயசாகிப்போச்சு, விரல் சொல்றதக் கேக்கமாட்டேங்குது. ஆஸ்பத்திரியில மெஷின் வெச்சுப் பார்த்து எடுப்பாங்க. இப்பவே போனோம்னா இதே வெறும் வயித்துல எடுத்துரலாம். குளிச்சா ரிப்போர்ட்டு மாறிரும், அப்புறம் இன்னொரு நாள் பட்டினி கிடக்கோணும்."

என் வாழ்க்கையில் நரம்பு கிடைக்கவில்லை என்று நான் சொன்னது அந்த ஒருமுறைதான். "சரி, அண்ணனுக்கே கிடைக்கலைன்னா என்ன பண்றது" என்று அவர் ஒத்துக்கொண்டார். பொய் சொல்லச் சொல்லி உங்களுக்கு நான் கற்றுத்தரவில்லை. எதிரில் இருப்பவர் எந்த வாசல் வழியாக வெளியே வருவார் என்று பாருங்கள், அவ்வளவுதான் சொல்கிறேன். அதைப் பார்க்க நமக்கு அரை நிமிடம்தான் கிடைக்கும்.

பட்டறையில் இருந்து இரண்டு ஆட்களைக் கூப்பிட்டேன். பிளாஸ்டிக் நாற்காலியோடு அவரைத் தூக்கிப் படியில் இறக்கினோம். "மாப்பிள்ளை ஊர்வலமாட்டப் பண்றீங்களே" என்றார். சாந்தாமணி கார் ஓட்டியது. நான் பின்சீட்டில் அவரைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டேன். மேட்டுப்பாளையம் ரோட்டில் பள்ளிக்கூட பஸ்கள் கிளம்பியிருந்தன. துடியலூர் தாண்டும்வரை பல்லு டாக்டரைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு பேசவில்லை. ஓட்டிக்கொண்டே அந்தப் புள்ளை கண்ணாடியில் பின்னால் பார்த்தது. "ரோட்டப் பாரு அம்மணி, நான் புடிச்சிருக்கறேன்" என்றேன்.

வாசலிலேயே ஸ்ட்ரெச்சர் நின்றது. உள்ளே கொண்டுபோனார்கள். ஒன்றேகால் மணி நேரம் கழித்து டாக்டரம்மா வெளியே வந்தார்.

"பெரிய ரத்தக்குழாய் ஒன்னு முழுசா அடைச்சிருந்துச்சு. தெறந்து ஸ்டென்ட் வெச்சாச்சு. குளிக்கப் போயிருந்தார்னா கஷ்டம்தான்" என்று சாந்தாமணியிடம் சொன்னார். பிறகு, "இவருக்குச் சுகர் எதாச்சும் உண்டா?"

அந்தப் புள்ளை வாயைத் திறக்கும் முன் நான் முந்திக்கொண்டேன். "சுத்தமா இல்லீங்க. ஆறு வருசமா என் கையிலதான் டெஸ்ட்டு."

ரிப்போர்ட்டுகளைக் கேட்டார். சாந்தாமணி போனில் இருந்ததை எடுத்துக் காட்டியது. ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். பார்த்து முடித்து என்னிடம் கேட்டார்: "மாசிலாமணி, இந்தத் தாள்ல எத்தனை வரி இருக்கு?"

நான் போனை எட்டிப் பார்த்தேன்.

"நீங்க ஒரு வரியத்தான் படிச்சிருக்கீங்க. சுகர் கடைசியாத்தான் ஏறும். அதுக்குப் பல வருசம் முன்னாடியே உடம்பு இன்சுலின் சொல்றதக் கேக்கறத நிறுத்திருது. அப்ப கணையம் என்ன பண்ணும்? ரெண்டு மடங்கு, மூணு மடங்கு இன்சுலினச் சுரந்து அடிச்சுத் தள்ளும். சுகர் நார்மலாவே இருக்கும். ஆனா அந்த வருசங்கள்ல கல்லீரல் கொழுப்ப ரத்தத்துல எறக்கிவிட்டுட்டே இருக்கும், நல்ல கொழுப்பு குறையும், பிரஷர் ஏறும், ரத்தக்குழாயோட உள்சுவர் புண்ணாகி அதுல கொழுப்புப் படியும். வயிறு, டிரைகிளிசரைடு, கழுத்துல கருப்பு, எல்லாம் அதைத்தான் சொல்லிட்டிருக்கும்."

மூன்று மடங்கு சுரந்தும் சுகர் நார்மலா என்று நான் விழித்தேன். சட்டென்று வைண்டிங் கடை கண்ணுக்குள் வந்தது. பேரிங் இறுகிப்போன மோட்டார். சுற்றுவதற்கே சிரமப்பட்டு, கரண்டை அதிகமாக இழுத்து இழுத்து ஓடும். தண்ணீர் மட்டும் வழக்கம்போல வந்துகொண்டிருக்கும். தோட்டத்துக்காரர் தொட்டியைப் பார்த்துவிட்டு எல்லாம் நன்றாக இருக்கிறது என்று போய்விடுவார். உள்ளே சுருளும், கரண்ட் வருகிற ஒயரும் சூடேறிக் கருகிக்கொண்டிருக்கும். ஒருநாள் புகைந்து நின்றுவிடும். எங்கள் கடைக்குத் தூக்கிக்கொண்டு வருகிற ஒவ்வொருவரும் ஒரே வசனத்தைத்தான் சொல்லுவார்கள்: "நேத்து வரைக்கும் தண்ணி நல்லாத்தானுங்க வந்துச்சு." நாங்கள் தண்ணீரைப் பற்றிக் கேட்கவே மாட்டோம். எத்தனை ஆம்பியர் இழுத்தது என்றுதான் கேட்போம்.

இதை டாக்டரம்மாவிடம் சொன்னேன். "அதேதான்" என்றார். இப்போது நோயாளிகளுக்கு அவர் மோட்டார் கணக்கிலேயே விளக்குகிறார். அது என் உதாரணம். ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு எனக்குப் பெருமை வரவில்லை. சாந்தாமணி மெதுவாகக் கேட்டது: "டாக்டருங்க, கழுத்துல கருப்புன்னா... அது கரி இல்லீங்களா?"

"கரியா? யார் சொன்னா?"

அந்தப் புள்ளை என் பக்கம் திரும்பிப் பார்த்தது. டாக்டரிடம் எதுவும் சொல்லவில்லை.

ஒன்றரை மாதம் கழித்து, இன்சுலினையும் கொழுப்பையும் பார்க்க ரத்தம் எடுத்துவரச் சொன்னார் டாக்டரம்மா. இன்சுலினுக்கு என்று தனி டெஸ்ட் எல்லோருக்கும் தேவையில்லையாம், பழைய தாளிலேயே சேதி இருந்தது. இது அவருக்கு மருந்தையும் சாப்பாட்டையும் தீர்மானிக்க. நான்தான் போனேன். சென்னியப்பன் இளைத்திருந்தார். வாசல்வரை வந்து கூட்டிப் போனார்.

"இன்னைக்காச்சும் நரம்பு கிடைக்குமாங்கண்ணா?"

"அன்னைக்கும் கிடைச்சுதுங்க தம்பி. உங்களக் கெளப்பறதுக்காகப் பொய் சொல்லிப்போட்டேன்."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க இல்லீன்னா நான் இல்லீங்கண்ணா" என்றார். சாந்தாமணி காப்பியோடு வந்து நின்றது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். கடைசிவரை அந்த வீட்டுக்குத் தெய்வமாகவே இருந்திருப்பேன். ஆனால் அந்தப் புள்ளைக்குப் பாதி தெரியும். தெரிந்தும் புருசனிடம் சொல்லாமல் எனக்காகக் காத்திருக்கிறது என்று அதன் முகத்தில் இருந்தது. ரத்தம் எடுத்து டியூபைப் பெட்டியில் வைத்தபிறகு, அவர் மறுபடியும் என் கையைப் பிடித்துக்கொண்டபோது சொன்னேன். முதல் வருடமே தாளில் நட்சத்திரம் இருந்தது, பார்த்தும் சொல்லவில்லை. ரெண்டு இட்லியோடு நிறுத்தச் சொன்னது உங்களுக்காக இல்லை, என் ராசிக்காக. கழுத்தைக் கேட்டபோது தெரியாது என்று சொல்லாமல் கரி என்று சொல்லிவிட்டேன். டாக்டரிடம் அன்றே போயிருந்தால் இந்த ஸ்டென்ட் தேவைப்படாமலே போயிருக்கலாம்.

சென்னியப்பன் என் கையை எப்போது விட்டார் என்று எனக்குத் தெரியவில்லை.

"ஆறு வருசமாவாங்கண்ணா?" என்றார்.

"ஆமாங்க."

கீழே லேத் ஓடிக்கொண்டிருந்தது. "காப்பி ஆறிப்போவுது, குடிங்க" என்றது சாந்தாமணி. குடித்தேன். அந்த வீட்டில் கடைசியாகக் குடித்த காப்பி அது.

மறுநாள் ஆபீசுக்குப் போன் வந்ததாம். கோபமாக ஒரு வார்த்தை இல்லை. "அண்ணனுக்கு எதுக்குங்க இத்தனை தூரம் சிரமம்? இனிமே வேற யாரையாச்சும் அனுப்பிவிடுங்க." நம் ஊரில் கதவைச் சாத்தினாலும் மரியாதையாகத்தான் சாத்துவார்கள். அவர்கள் செய்தது சரி. உயிரைக் காப்பாற்றினேனே என்று நான் கோபித்துக்கொள்ள முடியாது. காப்பாற்ற வேண்டிய இடத்துக்கு அவரைக் கொண்டுவந்து நிறுத்தியதில் எனக்கும் பங்கு உண்டு.

அதற்குப் பிறகு மூன்று வருடம் இந்த வேலையில் இருந்தேன். யாருக்கும் முதல் நாள் இட்லிக் கணக்குச் சொன்னதில்லை. வழக்கமாகச் சாப்பிடுவதைச் சாப்பிட்டு, கேட்ட நேரம் பட்டினி இருந்தால் போதும். பெட்டியில் இஞ்ச் டேப் வைத்தேன். உங்கள் பெட்டியில் இன்று அது இருக்கிறதென்றால் அதை வைத்தவன் நான்தான். இடுப்பை அளந்து தாளில் எழுதுங்கள். நட்சத்திரம் இருந்தால், "இந்த வரியையும் டாக்டர்கிட்டக் காட்டுங்க" என்று விரல் வைத்துச் சொல்லுங்கள். என்ன வியாதி என்று சொல்லாதீர்கள், அது நம் வேலை இல்லை. வியாதி இல்லை என்று சொல்வதும் நம் வேலை இல்லை. இரண்டாவதைச் சொல்லத்தான் நாக்கு அரிக்கும். எதிரில் இருப்பவர்கள் அதைக் கேட்கத்தான் நம் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

சென்னியப்பன் வீட்டுக்கு இப்போது உங்களில் ஒருவர்தான் போகிறீர்கள். அவர் தினமும் நடக்கிறார் என்றும், எண்கள் இறங்கிவருகின்றன என்றும் டாக்டரம்மா சொன்னார். போகிறவர் என் பேரை அங்கே எடுக்க வேண்டாம். வலது மணிக்கட்டு வழியாகத்தான் அவருக்குக் குழாய் விட்டு அடைப்பைத் திறந்தார்கள். அந்த இடத்தில் யார் தொட்டாலும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொள்வார். இடது கையை நீட்டச் சொல்லுங்கள்.